நாலாய் நறுக்கிய திராட்சை

தட்டில் ஆறு கொழுக்கட்டைகள் இருந்தன. கேப்பை மாவு, வெல்லம், தேங்காய்த் துருவல் சேர்த்து என் கையால் பிடித்து அவித்தவை. ஆவிகூட அடங்கவில்லை. தட்டிப் போட்ட ஏலக்காய் வாசம் அடுப்படியிலிருந்து வாசல் வரை வந்திருந்தது.

என் மகள் யாழினிக்கு அப்போது நாலு வயது. பக்கத்து வீட்டுக் கவினுக்கு மூன்று இன்னும் நிறையவில்லை. தட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, பஞ்சரான டயரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

யாழினி ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல் இறங்கவில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். கவின் தன் பங்குக்கு ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டான். அது கதவு வரை உருண்டுபோய், நிலையில் முட்டி, 'டொக்' என்று நின்றது.

"அப்பா, இது கல்லு," என்றாள் யாழினி.

பதினாறு வருடம் கம்பம் மெட்டு மலை ரோட்டில் ஜீப் ஓட்டியவன் நான். மூடுபனியில், மழையில், பிரேக் பிடிக்காத வண்டியில் என்று எல்லாவற்றிலும் தப்பி வந்தவன். அன்றைக்கு ஒரு கொழுக்கட்டையிடம் தோற்றுப் போனேன்.

முதுகு கொடுத்த லீவு

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் முதுகைப் பற்றித் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று நான்கு வருடங்களுக்கு முன்னால், ஒரு நாள் காலையில் ஜீப்பின் ஸ்டெப்னியைத் தூக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் தண்டுவடத்தில் ஜவ்வு விலகியிருக்கிறது என்றார். ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, கனமான எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்து அனுப்பினார்.

நான் வீட்டில் உட்கார்ந்தேன். என் மனைவி செல்வி ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கக் கிளம்பினாள். எந்த ஜீப்பில் இத்தனை வருடம் நான் பெண்களை மலைக்கு ஏற்றிப் போனேனோ, அதே ஜீப்பில் இன்னொருத்தர் ஓட்ட, பின்சீட்டில் அவள் போனாள். விடியும் முன்னே வண்டி வரும். திரும்ப வீடு சேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

பக்கத்து வீட்டுப் பேச்சியும் அதே வண்டியில்தான் போனாள். சின்னப் பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாதம் ஒரு தடவை வந்து போவான். வேலைக்குப் போகும்போது கவினைத் தன் அக்காள் வீட்டில் விட்டுக்கொண்டிருந்தாள். அக்காள் குடும்பம் தேவாரத்துக்குக் குடிபோனதும் அந்த வழி அடைபட்டது.

செல்விதான் சொன்னாளாம், எங்க வீட்டுக்காரர் சும்மாத்தான் இருக்கார், அவர்கிட்ட விட்டுட்டு வா என்று. சும்மா என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அடுத்த நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

பொட்டலமும் மாட்டுத் தொட்டியும்

கவின் முதல் நாள் வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு பொட்டலம். கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குமே, காற்றடைத்த பொட்டலம், அதுதான். விரலெல்லாம் ஆரஞ்சுப் பொடி. மத்தியானம் சோறு வைத்தால் வாயை இறுக்க மூடிக்கொள்வான். அவனைப் பார்த்து யாழினியும் மூடிக்கொள்வாள்.

அந்த வாரத்திலேயே அங்கன்வாடியில் எடை போட்டார்கள். பேச்சி மலைக்குப் போய்விட்டதால் நான்தான் தூக்கிப் போனேன். இல்லை, தூக்கவில்லை, தூக்கக்கூடாதே. நடத்திக் கூட்டிப் போனேன். டீச்சர் அட்டையில் புள்ளி வைத்து, முந்தைய புள்ளிகளோடு கோடு இழுத்துக் காட்டினார். கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. ரத்தமும் குறைவாக இருக்கிறது, பொட்டலத்தை நிறுத்துங்கள், வீட்டில் செய்து கொடுங்கள் என்றார். சத்துமாவுப் பொட்டலமும் ஒன்று கொடுத்தார்.

அந்தச் சத்துமாவைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் அது பெரும்பாலும் மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். மூன்று வீடு தள்ளி ஒரு கறவை மாடு இருக்கிறது, பளபளவென்று இருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகளின் சத்தெல்லாம் அதன் உடம்பில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கைபேசியை எடுத்தேன். குழந்தைகளுக்குச் சத்தான தின்பண்டம் என்று தேடினேன். ஒரு பெண் சிரித்த முகத்தோடு வந்து, பெயர் தெரியாத விதையைப் பாதாம் பாலில் ஊறவைத்து, அதன்மேல் நீலநிறப் பழம் ஒன்றைத் தூவினார். அந்தப் பழம் கம்பம் உழவர் சந்தையில் கிடைக்காது என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

கைபேசியை வைத்துவிட்டு அடுப்படியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கேப்பை மாவு இருந்தது. அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கல் கொழுக்கட்டை. மாவை வெந்நீரில் பிசையாமல் பச்சைத் தண்ணீரில் பிசைந்துவிட்டேன் என்று சாயங்காலம் செல்வி வந்து கண்டுபிடித்துச் சொன்னாள். சொல்வதற்கு முன் வெகுநேரம் சிரித்தாள்.

உருட்டினவர்களே தின்றார்கள்

அடுத்து சத்துமாவில் உருண்டை பிடிப்பது என்று முடிவு செய்தேன். மாவை வாசம் வர வறுத்து, பொட்டுக்கடலையை மிக்ஸியில் நைஸாகப் பொடித்து அதோடு சேர்த்து, கருப்பட்டிப் பாகை வடிகட்டி ஊற்றி, ஒரு கரண்டி நெய் விட்டேன். அதுவரைக்கும் சரியாகத்தான் போனது. உருட்டுவதற்குத் தரையில் உட்கார்ந்து குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது.

சுவரில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு வாங்க, உருட்டுவோம் என்றேன்.

யாழினி எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டினாள். கவின் உருட்டியவை ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்தன. ஒன்றை உருட்டுவான், நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பான், வாயில் போட்டுக்கொள்வான். அடுத்ததை உருட்டுவான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் நிறுத்திவிடுவானோ என்று பயம். ஏழு எண்ணினேன். எட்டாவதை என் வாயில் கொண்டுவந்து திணித்தான்.

சோற்றைத் தட்டில் வைத்து நீட்டியபோது திரும்பிக்கொண்ட பிள்ளை, தான் அளைந்ததைத் தின்றான். அன்றிலிருந்து எல்லாவற்றிலும் அவர்களுக்கு ஒரு வேலை வைத்தேன். அவலை நனைத்து வாழைப்பழம் போட்டால் பழத்தை மசிப்பது கவின். சர்க்கரைவள்ளிக்கிழங்கை அவித்தால் தோலுரிப்பது யாழினி. கேப்பை தோசைக்கு முருங்கைக்கீரை உருவ இரண்டு பேரும். கீரையில் பாதி தரையில் கிடக்கும், பரவாயில்லை.

இதில் எனக்குப் பிடித்தமானது ஒன்று உண்டு. மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, பெண்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் வரை நான் காத்திருக்கும் டீக்கடையில் பார்த்தது. மலையாளத்துக்காரர் ஒருவர் நடத்தும் கடை. இட்லிக் கொப்பரையில் நேந்திரம் பழத்தைத் தோலோடு அவித்து வைத்திருப்பார், ஏத்தப்பழம் என்பார். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அதைச் சுடச்சுடத் தோலுரித்துத் தின்றால் உள்ளே ஒரு கதகதப்பு இறங்கும். அதைத்தான் பிள்ளைகளுக்குச் செய்தேன். அவித்து, நடுவிலிருக்கும் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டு, துண்டாக்கி, துளி நெய் விட்டுப் பிரட்டிக் கொடுப்பேன். சீனி வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம்.

பொட்டலத்தை நான் பிடுங்கவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அவனே கேட்பதை மறந்துபோனான். அடுத்த தடவை அட்டையில் கோடு கொஞ்சம் தலை தூக்கியது. பேச்சியிடம் காட்டினேன். அவள் அந்த அட்டையை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப்பில் இத்தனை வருடம் எவ்வளவோ பேரைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பெருமை வந்தது.

அந்தத் திராட்சை

எங்கள் ஊர்ப்பக்கம் திராட்சைக்குப் பஞ்சமில்லை. கம்பத்தை விட்டு வெளியே வந்தால் எந்தத் திசையில் போனாலும் பந்தல்தான். தோட்டக்காரர் ஒருவர், என் ஜீப்பில் பழக்கமானவர், காலையில் ஒரு கூடைப் பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார். நல்ல பன்னீர்த் திராட்சை. கறுத்து, கண்ணைப் பறிக்கும்.

உப்புத் தண்ணீரில் அலசி, காம்பிலிருந்து உதிர்த்து, கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். இதைவிடச் சத்தான, இதைவிட எளிதான பண்டம் ஏது என்றுதான் நினைத்தேன். அடுப்பு மூட்ட வேண்டாம், வறுக்க வேண்டாம்.

இரண்டு பேரும் தின்றுகொண்டே ஓடிப் பிடித்து விளையாடினார்கள். யாழினி ஏதோ வேடிக்கை காட்ட, கவின் வாய்விட்டுச் சிரித்தான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது.

அழுகை இல்லை, இருமல் இல்லை. ஒரு சத்தமும் இல்லாததால்தான் திரும்பிப் பார்த்தேன். கவின் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தான். கண் விரிந்து என்னையே பார்த்தது. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

தூக்கக்கூடாது என்ற நினைப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒரே எட்டில் போய்த் தூக்கினேன். ஸ்டூலில் உட்கார்ந்து, அவனைத் தொடைமேல் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டினேன். வாடகை வண்டி ஓட்டும் பேட்ஜ் லைசென்ஸுக்காக முன்பு ஒரு முதலுதவி வகுப்பில் என்னை உட்கார வைத்தார்கள். அரைத் தூக்கத்தில் கேட்டது. அந்தக் கை எப்படி அந்த இடத்தைக் கண்டுபிடித்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒன்றும் வரவில்லை. நாலாவது தட்டில் முழுத் திராட்சை ஒன்று வெளியே வந்து தரையில் விழுந்தது. அப்புறம் ஒரு இழுப்பு. அப்புறம் அழுகை.

அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் சாய்ந்தேன். முதுகு எரிந்தது. யாழினி மூலையில் நின்று, "அப்பா, தம்பிய ஏன் அடிச்ச?" என்று கேட்டாள். அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

நண்பர் அன்சாரியின் ஆட்டோவை வரச்சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, சுவாசம் சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பக்கத்திலிருந்த நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டு வைத்துச் சொன்னார். ஐந்து வயது வரைக்கும் திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள். நெட்டுவாக்கில் நாலாக நறுக்கி, விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். நிலக்கடலையை முழுசாகக் கொடுக்கவே கூடாது, பொடித்துக் கொடுங்கள். கேரட்டைத் துருவுங்கள், அல்லது வேகவையுங்கள். எதைத் தின்றாலும் உட்கார்ந்து தின்னட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

இவ்வளவுதான். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அதனால்தான் இந்த வாரம் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

சொல்வதா வேண்டாமா

திரும்பி வரும்போது கவின் ஆட்டோ ஹாரனை அமுக்கி அமுக்கிச் சிரித்துக்கொண்டு வந்தான். அன்சாரி அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "புள்ள நல்லாத்தான இருக்கான். களைச்சு வர்ற பொண்ணுகிட்ட இதப் போய் எதுக்குச் சொல்லிக்கிட்டு? விட்ருங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. மலையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் வரை பேச்சிக்குத் தகவல் போக வழியில்லை. பார்த்த சாட்சி யாழினி ஒருத்திதான், அவளும் நான் தம்பியை அடித்தேன் என்றுதான் சொல்வாள். சொன்னால் பேச்சி இனிமேல் பிள்ளையை என்னிடம் விடமாட்டாள். அட்டையில் இப்போதுதான் தலை தூக்கிய கோடு என்ன ஆகும் என்று, எனக்கு வசதியான ஒரு நியாயமும் கிடைத்தது.

சாயங்காலம் ஜீப் நிற்கும் இடத்துக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சி இறங்கினாள். கவின் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். சோற்றுத் தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூட விடாமல் நான் சொல்ல ஆரம்பித்தேன். நான் பாத்திரம் கழுவினேன், பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டையும் கையில் கொடுத்தேன்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கவினின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். விரலை உள்ளே விட்டுத் தடவினாள். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். என் கை பட்ட இடம் லேசாகச் சிவந்திருந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். மறந்துவிட்டுப்போன தூக்குவாளியைச் செல்விதான் எடுத்து வந்தாள்.

மூன்று நாள்

மறுநாள் பேச்சி வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கவின் பேசுவது எனக்குக் கேட்கும். யாழினி தம்பி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு அவலை நனைத்துவிட்டு, மிச்சத்தை நானே தின்றேன்.

யாழினியிடம் ஒரு கிண்ணத்தில் கொடுத்து அனுப்பட்டுமா என்று செல்வியைக் கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள். "அவ மனசு ஆறணும்ல. நீங்க எதுவும் கொடுத்து விடாதீக. அவளா வரட்டும்."

செல்வி என்மேல் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் நான், அடுத்த மாதம் முதுகு எப்படி இருந்தாலும் வண்டிக்குப் போய்விடுகிறேன், இந்த வேலை எனக்குச் சரிப்படாது என்றேன். அவள் மறுநாளுக்குப் பச்சைப்பயறை அளந்து ஊறப்போட்டாள்.

நாலாம் நாள், ஜீப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பேச்சி நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக. கவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எனக்கு அன்னைக்குக் கோவந்தான்," என்றாள். "மூணு நாளா யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. வேற வீட்ல விட்டா, அங்கன என்ன நடந்தாலும் எங்கிட்ட சொல்லுவாகளான்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுவீக."

பிள்ளையை என் கையில் கொடுக்காமல் உள்ளே வந்து, யாழினிக்குப் பக்கத்தில் பாயில் படுக்க வைத்தாள். என் முதுகை நினைத்துத்தான் அப்படிச் செய்திருக்க வேண்டும். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. செல்வி கிளம்பிவிட்டாள். பேச்சி வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"இன்னைக்கு என்ன செய்யப் போறீக?"

பயத்தந்தோசை, சின்ன வெங்காயமும் கேரட் துருவலும் போட்டு என்றேன்.

கொஞ்சம் தயங்கினாள். "எனக்கும் ரெண்டு எடுத்து வைங்கண்ணே. சாயந்தரம் வந்து திங்கிறேன். பதினோரு மணிக்குக் கஞ்சி குடிச்சா அம்புட்டுத்தான். வந்து அடுப்பு மூட்டத் தெம்பு இருக்க மாட்டேங்குது."

இரண்டு மாதமாக அவள் பிள்ளையின் எடையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தத் தொளதொளத்த சட்டைக்குள் அவள் எவ்வளவு மெலிந்திருக்கிறாள் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

ஊறியிருந்த பயறு பிள்ளைகளுக்குத்தான் காணும். அவள் போனதும் இன்னும் இரண்டு கை அள்ளி ஊறப்போட்டேன், சாயங்காலத்துக்குள் ஊறிவிடும். இஞ்சியும் சீரகமும் வைத்து அரைத்தேன்.

சாயங்காலம் வண்டி வந்ததும் பேச்சி தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கை கால் கழுவிவிட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். கல்லிலிருந்து எடுத்து நேராக அவள் தட்டில் போட்டேன். கவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மொறுமொறுப்பான ஓரத்தையெல்லாம் பிய்த்துத் தின்றான். அவள் நடுப்பகுதியைத் தின்றாள். இரண்டு தோசையும் முடிந்தது. நான் குனிந்து கரண்டியை எடுக்கப் போனேன்.

"நீங்க உக்காருங்கண்ணே," என்று பிள்ளையை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள். மூன்றாவது தோசையை அவளே ஊற்றிக்கொண்டாள்.